கறிவேப்பிலை அழகியின் மூன்று உருவங்கள்

அன்பு மகள் கயல்விழிக்கு,

சிங்கப்பூர் வீட்டு எலுமிச்சைத் தொட்டியில் முட்டையிட்டதாக நீ படம் அனுப்பிய கறுப்பு வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலை அழகிதான். ஆனால் பெயரை மட்டும் எழுதி வைத்தால் போதாதம்மா, எந்த உருவம் என்பதையும் குறித்து வை.

இந்த இனத்தில் ஆண்கள் எல்லாம் ஒரே மாதிரி, பின்சிறகின் குறுக்கே வெண்புள்ளி வரிசையோடு இருக்கும். பெண்களில் ஒரு வகை ஆணைப் போலவே இருக்கும். மற்றொன்று, பின்சிறகின் நடுவே வெண்திட்டு கொண்ட காமன் ரோஸ் என்ற வேறு இன வண்ணத்துப்பூச்சியைப் போலிருக்கும். மூன்றாவது, முன்சிறகில் வெள்ளைப் பட்டையும் பின்சிறகில் செம்புள்ளிகளும் உடைய கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு இனத்தைப் போலிருக்கும். ரோஸ் இரண்டும் புழுவாக இருக்கையில் ஆடுதீண்டாப்பாளை இனக் கொடிகளைத் தின்று அவற்றின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால், ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை அந்தக் கோலத்தை அண்டுவதில்லை. நஞ்சில்லாத கறிவேப்பிலை அழகி அந்த அச்சத்தின் மறைவில் பிழைக்கிறது.

கிரிம்சன் ரோஸ் இந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது. உன் ஊரில் அது இல்லை. ஆகவே நம் தோட்டத்தில் பறக்கும் மூன்றாவது உருவத்தை நீ அங்கே எதிர்பார்க்க வேண்டாம். போலிகள் பெருகி ரோஸ்கள் குறைந்தால், பறவைகள் அஞ்சாமல் தின்னத் தொடங்கிவிடும். ஆடுதீண்டாப்பாளையைக் களையென்று வேலியிலிருந்து பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. ரோஸ்களின் உணவோடு, அவற்றின் வேடத்தில் வாழும் பூச்சியின் காவலும் போய்விடுகிறது.

இவ்வளவு வேறுபாட்டுக்கும் காரணம் ஒரே மரபணு என்பதுதான் என்னைப் பெரிதும் வியக்க வைக்கிறது. ஆண், பெண் உடலமைப்பை வகுக்கும் டபுள்செக்ஸ் மரபணுவே சிறகின் கோலத்தையும் தீர்மானிக்கிறது என்று உயிரியல் ஆய்வாளர் கிருஷ்ணமேக் குண்டேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 2014இல் கண்டறிந்தார்கள். வேடம் தரும் அந்த மரபணுவின் வடிவம் ஆணிடமும் இருக்கலாம், ஆனால் அதன் சிறகில் வேடம் தோன்றாது, மகள்களிடம்தான் வெளிப்படும். ஆதலால் ஒரே தாயின் பெண் குஞ்சுகளே வெவ்வேறு கோலத்தில் வெளிவரக்கூடும்.

உன் தொட்டியில் உள்ள புழுக்களை வேறு செடியின் புழுக்களோடு கலக்காமல் வளர்த்து, ஒவ்வொன்றும் சிறகு விரித்ததும் படம் எடு. உடல் தெரியும்படி பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். ரோஸின் உடலில் சிவப்பு இருக்கும், கறிவேப்பிலை அழகியின் உடல் கறுப்பு. வெளியே பறப்பவற்றைப் பிரித்தறிய அதுவே நம்பகமான அடையாளம். இங்கே வருபவற்றை நானும் உருவவாரியாக எழுதி வருகிறேன். உன் குறிப்பு வந்ததும் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா