அமெரிக்காவில் பல் மருத்துவம்: முதல் செமஸ்டரிலேயே கணக்குப் போட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் படிப்பு பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். எந்த நாடு, என்ன செலவு, விசாவுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பதெல்லாம் வருகிறது. ஆனால் பல் டாக்டர் ஆகும் ஆசையோடு பிளஸ் டூ முடித்த கையோடு அமெரிக்காவுக்குக் கிளம்பும் பிள்ளைகள் அங்கே முதல் நாலு வருடம் என்னென்ன பாடம், எந்த வரிசையில் படிக்க வேண்டும் என்று ஒரு வரி கூட நான் படித்ததில்லை. நான் கல்லூரியில் கெமிஸ்ட்ரி நடத்தி ஓய்வு பெற்றவள். இருப்பது நங்கநல்லூர், இந்தப் பக்கம் எந்த வீட்டைக் கேட்டாலும் ஒரு பிள்ளையோ பேத்தியோ அமெரிக்காவில் இருக்கும். அதனால் இந்த விஷயம் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறது. வருகிற பெற்றோர் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "என்ன மேஜர் எடுக்கணும் மேடம்?"

மேஜர், அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடம், எதுவாகவும் இருக்கலாம். அங்கே 'ப்ரீ-டென்டல்' என்று தனியாக ஒரு பட்டம் கிடையாது, அது ஒரு பாதைக்குச் சொல்கிற பேர், அவ்வளவுதான். பயாலஜி படித்தவரும் சேருகிறார், பொருளாதாரம் படித்தவரும் சேருகிறார். எந்தப் பட்டம் வாங்கினாலும் பல் மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் சில பாடங்களை லேபோடு சேர்த்து முடித்திருக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட காலத்துக்குள் முடித்திருக்க வேண்டும். பிள்ளைகள் மாட்டிக்கொள்வது இந்தக் காலக் கணக்கில்தான்.

நம் ஊர் வழக்கம் நம் மனதில் ஊறிப் போயிருக்கிறது. இங்கே பிளஸ் டூ, அப்புறம் நீட், 180 கேள்வி, 720 மார்க். மே மாதத்தில் ஒரு பிற்பகல் நன்றாக எழுதிவிட்டால் கவுன்சலிங், பி.டி.எஸ். சீட். பயிற்சி மருத்துவ ஆண்டையும் சேர்த்து அஞ்சு வருடத்தில் டாக்டர். அங்கே முதலில் நாலு வருட இளநிலைப் பட்டம், அதற்கு மேல் நாலு வருடம் பல் மருத்துவம். சில இடங்களில் டி.டி.எஸ். என்று பட்டம் தருவார்கள், சில இடங்களில் டி.எம்.டி., இரண்டும் சமம்தான், அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். கவலைப்பட வேண்டியது விண்ணப்பத் தேதியைப் பற்றி. நாலாவது வருடம் முடிந்ததும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டுமானால், மூன்றாவது வருடம் முடிகிற கோடையிலேயே, மே, ஜூன் வாக்கில், விண்ணப்பம் போய்விட வேண்டும். பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர எடுத்துப் பார்த்து நேர்காணலுக்குக் கூப்பிடுகின்றன, தாமதமாக அனுப்புகிறவருக்கு மிச்சம் இருக்கிற இடம்தான். ஆக, நாலு வருடம் என்று சொல்கிறோமே தவிர, தன்னை நிரூபிக்கக் கையில் இருப்பது மூன்று வருடம்.

அந்த மூன்று வருடத்தை ஆட்டிப் படைப்பது கெமிஸ்ட்ரி. என் பாடம் என்பதால் சொல்லவில்லை. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டு செமஸ்டர். அதை முடிக்காமல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் உட்கார விடமாட்டார்கள். ஆர்கானிக் இன்னும் இரண்டு செமஸ்டர், அதற்குப் பிறகுதான் பயோகெமிஸ்ட்ரி. ஒன்றின் வாலைப் பிடித்துத்தான் அடுத்தது. இது போக டி.ஏ.டி. என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதன் அறிவியல் பகுதியில் 100 கேள்விகள், 90 நிமிடம்: பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரி. ஆர்கானிக் முடிக்காமல் அந்தத் தேர்வை எழுதிப் பயனில்லை. முதல் வருடமே ஜெனரல் கெமிஸ்ட்ரியும் பயாலஜியும், இரண்டாம் வருடம் ஆர்கானிக், மூன்றாம் வருடம் பயோகெமிஸ்ட்ரி, இப்படிப் போனால் இரண்டாம் வருடக் கோடையிலிருந்தே டி.ஏ.டி.க்கு நிதானமாகப் படிக்கலாம். முதல் வருடம் "ஊர் பழகட்டும், பிள்ளை செட்டில் ஆகட்டும்" என்று கெமிஸ்ட்ரியைத் தள்ளிவைத்தால் ஆர்கானிக் மூன்றாம் வருடக் கடைசி வரை இழுக்கும். அப்போது செமஸ்டர் பரீட்சை, டி.ஏ.டி., விண்ணப்பம் மூன்றும் ஒரே கோடையில் வந்து விழும். முடியாது என்று சொல்ல மாட்டேன், முடித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் யாருக்கும் அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

ஃபிசிக்ஸ் வேறு மாதிரி. அதுவும் பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஒரு வருடம் வேண்டும், ஆனால் டி.ஏ.டி.யில் ஃபிசிக்ஸ் கேள்வியே கிடையாது. அதனால் அதை மூன்றாம் வருடத்துக்கோ நாலாம் வருடத்துக்கோ கொண்டுபோகலாம். இந்த ஒரு விவரம் தெரியாமல் முதல் வருடமே ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி, ஃபிசிக்ஸ் மூன்றையும் மூன்று லேபோடு எடுத்துத் திணறுகிற பிள்ளைகள் நிறைய. பிளஸ் டூவில் நாலு சப்ஜெக்டும் சேர்ந்துதானே படித்தோம் என்று நினைக்கிறார்கள். அங்கே லேப் ரிப்போர்ட் வாரா வாரம் போக வேண்டும், அதற்கும் மார்க் உண்டு. இங்கே மாதிரி வருடக் கடைசியில் ஒரே நாளில் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிற கதை இல்லை.

எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை எழுதுகிறேன், ஏனென்றால் இது மற்றவர்களுக்கும் நடக்கக்கூடியது. நன்றாகப் படிக்கிற பெண். அனுப்பிவைத்த கன்சல்டன்சி "முதல் வருடம் எந்த சயின்ஸ் எடுத்தாலும் கணக்கில் வரும், டென்டலைப் பிறகு பார்த்துக்கலாம்" என்று சொல்லியிருக்கிறது. அந்தப் பெண்ணும் பட்டியலைப் பார்த்து 'கெமிஸ்ட்ரி' என்று பேர் இருந்த ஒரு கோர்ஸை எடுத்து ஏ கிரேடும் வாங்கிவிட்டாள். அது சயின்ஸ் மேஜர் அல்லாத மாணவர்களுக்காக, பொது அறிவுக்காக நடத்தப்படும் கோர்ஸ், லேப் இல்லை. பல் மருத்துவக் கல்லூரிகள் அதை ஏற்பதில்லை, அதை வைத்து ஆர்கானிக்கிலும் சேர முடியாது. இரண்டாம் வருடம் மறுபடி முதலிலிருந்து. ஒரு வருடம் பின்தங்கினால் அங்கே எவ்வளவு டாலர் என்று பெற்றோருக்குத்தான் தெரியும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஒரே பாடம் இப்படி இரண்டு மூன்று தரத்தில் இருக்கும். கோர்ஸ் விவரத்தில் சயின்ஸ் மேஜர்களுக்கானது என்று இருக்கிறதா, கூடவே லேப் இருக்கிறதா, அடுத்த கோர்ஸுக்கு அதுதான் படிக்கட்டா, இந்த மூன்றையும் பார்க்காமல் பதிவு செய்யவே கூடாது. பயாலஜி, ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், ஃபிசிக்ஸ் ஒவ்வொன்றும் லேபோடு சேர்த்து ஏறக்குறைய 8 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) என்பது பொதுவான அளவு. அதற்கு மேல் ஆங்கிலம் ஒரு வருடம் பல இடங்களில் கேட்பார்கள். மைக்ரோபயாலஜி, உடற்கூறு, உடலியங்கியல், புள்ளியியல் இவை கல்லூரிக்குக் கல்லூரி மாறும். சென்னையில் சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஏ.பி. என்ற கல்லூரித் தரப் பாடங்களைப் படித்துவிட்டு அந்த கிரெடிட்டைக் காட்டி முதல் கெமிஸ்ட்ரியைத் தாண்டிப் போகிற பிள்ளைகளும் கவனிக்க வேண்டும்: படிக்கிற பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டாலும், பல் மருத்துவக் கல்லூரிகள் சில அதை ஏற்காது.

அடுத்தது மார்க். இங்கே நம் கல்லூரிகளில் அரியர் என்பது பெரிய விஷயம் இல்லை. அடுத்த செமஸ்டரில் எழுதிக்கலாம், பாஸ் ஆனால் பழையது மறைந்துவிடும் என்ற நினைப்பில்தான் பிள்ளைகள் வளர்கிறார்கள். அங்கே பல் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் அது நடக்காது. ஒரு பாடத்தில் சறுக்கி, திரும்பப் படித்து நல்ல கிரேடு வாங்கினாலும், இரண்டு கிரேடும் சராசரியில் சேரும். படிக்கிற பல்கலைக்கழகம் பழையதை நீக்கினாலும் அந்த விண்ணப்பம் நீக்காது. அதோடு பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் பாடங்களுக்கு மட்டும் தனியாக ஒரு சராசரி போடுவார்கள். சேருகிறவர்களின் ஜிபிஏ (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) பொதுவாக 4க்கு 3.5ஐத் தாண்டி இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், முதல் செமஸ்டரில் வாங்கிய ஒரு சி கிரேடை மேலே தூக்க எத்தனை ஏ வேண்டும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதனால்தான் சொல்கிறேன், முதல் செமஸ்டரில் லேப் உள்ள பாடம் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒரு கோர்ஸ் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் அதைவிட்டு விலகுவதும் தப்பில்லை, ஆனால் மாணவர் விசாவில் இருப்பவர்கள் முழுநேரப் படிப்புக்கான கிரெடிட் எண்ணிக்கைக்குக் கீழே போகக் கூடாது, பெரும்பாலும் 12. இதை சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

"சேஃப்டிக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் மேஜர் எடுக்கட்டும், கூடவே டென்டலுக்கும் தயார் ஆகட்டும்" என்று சொல்கிற அப்பாக்கள் நிறைய. அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது, சீட் கிடைக்காவிட்டால் கையில் வேலைக்கான ஒரு பட்டம் வேண்டும் அல்லவா. விதிப்படி தடையும் இல்லை. ஆனால் அந்த மேஜருக்குரிய கணக்கும் புரோகிராமிங்கும் ஒரு பக்கம், மேலே சொன்ன லேப் பாடங்கள் இன்னொரு பக்கம் என்று இரண்டு சுமை. பிள்ளைக்கே அதில் ஆர்வம் இருந்தால் சரி. அப்பாவின் நிம்மதிக்காக என்றால் வேண்டாம், இரண்டிலும் கிரேடு இறங்கும்.

டி.ஏ.டி.யில் இன்னொரு பகுதி இருக்கிறது, எந்த வகுப்பிலும் சொல்லித்தராதது. மடித்த காகிதத்தில் ஓட்டை போட்டால் விரித்ததும் எங்கெங்கே ஓட்டை இருக்கும், நாலு கோணங்களில் எது சிறியது, அடுக்கிய கனசதுரக் கட்டைகளில் எத்தனை பக்கம் பெயின்ட் பட்டிருக்கும், இந்த மாதிரி 90 கேள்விகள், 60 நிமிடம். பல் வேலை கையும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. நம் பி.டி.எஸ். மாணவர்கள் முதல் வருடத்தில் மெழுகுக் கட்டியைச் செதுக்கிப் பல் வடிவம் கொண்டுவரப் பாடுபடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். இதற்கு மனப்பாடம் உதவாது, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும். ஓவியமோ சிற்பமோ ஒரு கோர்ஸாகக் கிடைத்தால் எடுக்கச் சொல்வேன், லேப் பாடங்களுக்கு நடுவில் மனதுக்கும் நல்லது.

சிபாரிசுக் கடிதங்களும் கோர்ஸ் திட்டத்தோடு சேர்ந்த விஷயம்தான். பொதுவாக அறிவியல் பேராசிரியர்கள் இரண்டு பேராவது எழுத வேண்டும். முதல் வருட வகுப்புகளில் நூற்றுக்கணக்கில் மாணவர்கள் இருப்பார்கள், பேராசிரியருக்கு முகம் கூடத் தெரியாது. நம் பிள்ளைகள் சந்தேகம் கேட்டால் தப்பாக நினைப்பாரோ என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து நல்ல மார்க் வாங்கிவிட்டு வந்துவிடுகிறார்கள். அங்கே ஒவ்வொரு பேராசிரியரும் மாணவர்களைப் பார்ப்பதற்கென்றே வாரத்தில் நேரம் ஒதுக்குகிறார், அந்த நேரத்தில் போய் உட்கார வேண்டும். இரண்டாம், மூன்றாம் வருடத்தில் சின்ன வகுப்பாக ஒன்றாவது எடுத்தால் உங்களைத் தெரிந்து எழுத ஒருவர் இருப்பார். அதே மாதிரி பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கில் நின்று வேலையைக் கவனிப்பது, 100 மணி நேரம் என்பது பலர் சொல்கிற அளவு. விடுமுறைக்கு வரும்போது மாமாவின் கிளினிக்கில் பார்ப்பதும் பயன்தான். ஆனால் கடிதத்தை மாமாவிடம் வாங்கக் கூடாது, சொந்தக்காரர் கடிதத்துக்கு மதிப்பில்லை.

கிளம்பும் முன் இன்னொன்றையும் யோசியுங்கள். எல்லாப் பல் மருத்துவக் கல்லூரிகளும் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில்லை, அரசுக் கல்லூரிகளில் சொந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை. அமெரிக்க அரசின் கல்விக் கடனும் நம் பிள்ளைகளுக்குக் கிடையாது. எட்டு வருடச் செலவு தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும். இங்கே நீட் எழுதி பி.டி.எஸ். முடித்துவிட்டு, ஐ.என்.பி.டி.இ. என்ற அமெரிக்கப் பல் மருத்துவத் தேர்வு எழுதி, அங்கே இரண்டு மூன்று வருடத்தில் டி.டி.எஸ். வாங்குகிற வழியும் இருக்கிறது. அதிலும் போட்டி கடுமை, கட்டணமும் அதிகம்தான். ஆனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்போது முயற்சி செய்வது வேறு. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே 1953இலிருந்து அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊரில், அந்த சீட்டுக்கு வாய்ப்புள்ள பிள்ளையை வேறு யோசனையே இல்லாமல் அனுப்ப வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஆகஸ்டில் விமானம் ஏறுகிறார்கள், ஆனால் முதல் செமஸ்டருக்கான கோர்ஸ் பதிவு பல இடங்களில் ஜூன், ஜூலையிலேயே கணினியில் நடந்துவிடுகிறது. சில பல்கலைக்கழகங்களில் ஜெனரல் கெமிஸ்ட்ரியில் சேரும் முன் கணக்குத் தகுதித் தேர்வும் உண்டு. ஆகவே இந்த விவரங்களை மே மாதத்திலேயே உங்கள் கல்விப் பக்கத்தில் போடுங்கள், அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் சென்னை மாணவர்கள் இரண்டு மூன்று பேரிடம் அவர்களுடைய செமஸ்டர் அட்டவணையை வாங்கி அப்படியே அச்சிடுங்கள். பெற்றோர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தாங்கள் நினைக்கும் ஐந்தாறு பல் மருத்துவக் கல்லூரிகளின் இணையதளத்தில் போட்டிருக்கும் பாடப் பட்டியலோடு ஒப்பிடட்டும். சந்தேகம் இருந்தால் அந்தக் கல்லூரியின் சேர்க்கை அலுவலகத்துக்கே மின்னஞ்சல் எழுதி, இந்த எண்ணுள்ள கோர்ஸை ஏற்பீர்களா என்று நேராகக் கேட்டு, வருகிற பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் விரிவுரையாளர்,
நங்கநல்லூர், சென்னை