பட்டியலில் விட்டுப்போனது

அன்புள்ள பாப்பா,

நாங்கள் நலம். அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு.

நீ விட்டுப்போன பைனாகுலரை எடுத்துக்கொண்டு ஒரு மாதமாகக் காலையில் ஆற்றங்கரைக்குப் போகிறேன். நீ கூப்பிட்ட வருஷங்களில் ஒருநாளும் வராதவன்தான். பழைய பாலத்தில் தொடங்கி மதகு வரை போய்த் திரும்புவேன். வெயில் முதுகில் விழுகிற மாதிரி நடக்கவேண்டும் என்பாயே, அது எவ்வளவு சரி! திரும்பி வரும்போது எந்தப் பறவையும் வெறும் கறுப்பு நிழல்தான்.

வசந்தம் வந்ததை எனக்கு வாலாட்டிதான் முதலில் சொன்னது. குளிர்காலத்தில் வெளுத்த தொண்டையோடு கல்லுக்குக் கல் தாவிக்கொண்டிருந்த சாம்பல் வாலாட்டிக்கு இப்போது தொண்டை கறுத்துவிட்டது. அப்படியானால் ஆண். சீக்கிரமே வடக்கே கிளம்பிவிடும். உள்ளானையும் தினம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிச் சேற்றோரம் நடக்கும், ஆள் நெருங்கினால் இறக்கையை விறைத்துக்கொண்டு நீரை ஒட்டியே பறக்கும். மூன்று நாளாக அதைக் காணோம். கிளம்பிவிட்டதா, நான் சரியாகப் பார்க்கவில்லையா என்று மதகு வரை இரண்டு தடவை போய்வந்தேன்.

பார்த்த பறவைகளைப் பட்டியல் போடும் ஈபேர்ட் தளத்தில் உன் பக்கத்தையும் அடிக்கடி திறந்து பார்க்கிறேன். கடைசிப் பட்டியல் நவம்பரில் போட்டது. பரீட்சை நேரத்தில்கூட நீ ஒரு வாரம் தவறவிட்டதில்லை. வேலை அதிகமாக இருக்கும், சரி. ஆனால் அம்மா நாலு வரி எழுதினால் நீ 'ம்' என்று ஒரு எழுத்து அனுப்புகிறாய். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறாள் தெரியுமா? காலையில் பத்து நிமிஷமாவது வெளியே நட பாப்பா. பறவை பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

நேற்று மீன்கொத்தியைப் பார்த்தேன். முதலில் சத்தம்தான் கேட்டது, கூர்மையான ஒரு விசில். ஒன்பது வயதில் நீ தலையைக்கூடத் திருப்பாமல் "மீன்கொத்தி" என்று சொன்னதும், மாமா அசந்துபோனதும் ஞாபகம் வந்தது. அன்று எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் சொன்னேனா? சொல்லியிருக்கமாட்டேன். நீலக்கோடு மாதிரி வந்து தாழ்ந்த கிளையில் உட்கார்ந்தது. மீனைக் கிளையில் இரண்டு அடி அடித்தது. விழுங்கும் என்று பார்த்தால், மீனின் தலை அலகுக்கு வெளிப்பக்கம் இருந்தது. தலை வெளியே இருந்தால் அந்த மீன் தனக்கில்லை, இன்னொருவருக்கு என்று நீதானே சொல்லிக்கொடுத்தாய்? எங்கே கொண்டுபோகிறது என்று அசையாமல் நின்றேன். கரை முழுக்க இப்போது சிமெண்ட். பொந்து தோண்ட மண்ணே கிடையாது. அது போய் நுழைந்த இடம் தடுப்புச்சுவரில் இருக்கும் வடிகால் துளை. அந்தத் துளைக்குள் ஒரு குடும்பம்!

வீட்டுக்கு வந்து என் முதல் பட்டியலைப் போட்டேன். 1 மணி 10 நிமிடம், 11 இனங்கள். நீர்க்காகம் மட்டும் எண்ணி முடியவில்லை. கடைசியில் ஒரு கேள்வி வந்தது: அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதிவிட்டாயா? விரலை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நவம்பரில் ஒரு ராத்திரி நீ என்னைக் கூப்பிட்டாய். "அப்பா, உங்கள்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். உன் குரல் உடைந்தது எனக்குக் கேட்டது. லைன் சரியில்லை, ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது பாப்பா. நீ சொல்லப்போவதைத் தாங்கமுடியுமா என்று பயந்துவிட்டேன். காலையில் கூப்பிடலாம் என்று நினைத்தேன். காலையில் கூப்பிட்டு உன் வீட்டுக் கடன் தவணையைப் பற்றிப் பேசினேன். நீ எல்லாவற்றுக்கும் சரிப்பா, சரிப்பா என்றாய். அம்மாவுக்கு இது தெரியாது. உன் பட்டியல் நின்றது அந்த வாரத்தில்தான் என்பதை நேற்றுத்தான் தேதி பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அது என்ன என்று இப்போதும் கேட்கமாட்டேன். அந்த வீட்டைப் பற்றியோ, அவரைப் பற்றியோ, வேலையைப் பற்றியோ இருக்கலாம். எதுவானாலும் நீ தப்பு செய்துவிட்டாய் என்று என் வாயில் வராது.

சாப்பிடு. தூங்கு. கொஞ்சம் நட.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தத் துளைக்கு எதிரே இருக்கும் கல்பெஞ்சில் இருப்பேன். இரண்டு மணி நேரமாவது இருப்பேன். கூப்பிடு. அங்கே லைன் நன்றாகக் கிடைக்கிறது.

அப்பா