காய்ச்சுகிறார்கள், குளிர்காயவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மொரீஷியஸ் பயணக் கட்டுரையில், கடற்கரையில் மூன்று பேர் தீயைச் சுற்றி நிற்கும் படத்துக்குக் கீழே ‘குளிர்காயும் சேகா கலைஞர்கள்’ என்று போட்டிருக்கிறீர்கள் (சேகா, அந்தத் தீவின் பாட்டும் நடனமும்). அவர்கள் குளிர்காயவில்லை. கையில் இருப்பது ரவான் என்ற மேளம், அதைக் காய்ச்சுகிறார்கள். பறையடிக்கும் யாரிடமாவது படத்தைக் காட்டியிருந்தால் அந்த நிமிடமே சொல்லியிருப்பார்.

ரவான், ஏறக்குறைய இரண்டடி அகலமுள்ள மரவளையத்தில் ஒரு பக்கம் மட்டும் ஆட்டுத்தோல் போர்த்தியது. ஊறவைத்து முடி நீக்கிய தோலை, ஈரம் காயுமுன் இழுத்துக் கட்டுவார்கள். வளையத்தின் துளைகளில் சின்னச் சின்னத் தகடுகள் கலகலக்கும். குச்சி கிடையாது, வெறுங்கைதான். கடற்காற்றின் ஈரம் ஏறியதும் தோல் தொய்ந்து ஒலி மந்தமாகிவிடும்; அதற்குத்தான் தீ. கட்டை விறகு வேண்டியதில்லை; காய்ந்த ஓலை, சருகு போதும். வளையத்தைச் சுழற்றிக்கொண்டே, விரலால் தட்டிக் கேட்டுக்கொண்டே காட்ட வேண்டும். ஒரே இடத்தில் சூடு நின்றால் அந்தப் பக்கம் மட்டும் இறுகி விளிம்பில் கிழியும். சில பாட்டுகள் முடிந்ததும் மறுபடி தொய்யும், மறுபடி தீ. விடுதி நிகழ்ச்சிகளில் இந்தத் தொல்லையே வேண்டாமென்று செயற்கைத் தோல் ரவானைப் பிடித்துக்கொள்கிறார்கள். கட்டுரையாளர் விடுதியில் பார்த்து மெய்மறந்தது அதுவாகக்கூட இருக்கலாம். ‘சேகா திப்பிக்’ என்னும் பழைய வகையில் ரவானோடு, கரும்புத் தட்டையால் செய்து உள்ளே விதை நிரப்பிய மராவான் பெட்டியும் இரும்பு முக்கோணமும் இருக்கும், அவ்வளவுதான் வாத்தியம். யுனெஸ்கோ 2014-இல் பட்டியலில் சேர்த்தது இதைத்தான்.

அதைவிடப் பெரிய பிழை, ‘1834-இல் தமிழர்கள் கரும்பு வெட்ட வந்ததிலிருந்து தீவின் கதை தொடங்குகிறது’ என்ற வரி. தீவுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் டச்சுக்காரர்கள், 1639-இல். மடகாஸ்கரிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. பிரெஞ்சுக்காரர் காலத்தில் மொசாம்பிக், மடகாஸ்கர் பக்கமிருந்து ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அடிமைகளில் இந்தியர்களும் உண்டு. 1835 பிப்ரவரி 1-இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலை பெற்றோர் ஏறக்குறைய 66,000 பேர். அதற்கு நஷ்டஈடாக இருபது லட்சம் பவுனுக்கு மேல் கொடுக்கப்பட்டது, எஜமானர்களுக்கு! உழைத்தவர்களுக்குக் கிடைத்தது ‘பயிற்சித் தொழிலாளர்’ என்ற பெயரில் 1839 வரை அதே தோட்டத்தில் அதே வேலை. நம் ஒப்பந்தக் கூலிகள் இறங்கியது அந்த இடத்தில்.

லெ மோர்ன் மலை விஷயம். விடுதலைச் செய்தி சொல்ல வந்த சிப்பாய்களைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று பயந்து, ஓடி ஒளிந்திருந்த அடிமைகள் உச்சியிலிருந்து குதித்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வாய்வழி மரபு. ‘என்று சொல்கிறார்கள்’ என்றுதான் எழுத வேண்டும். தப்பிய அடிமைகளுக்கு அந்த 556 மீட்டர் மலை அடைக்கலமாக இருந்தது. 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதும் அந்த நினைவுக்காகத்தான். ‘செல்ஃபிக்கு ஏற்ற பாறை’ என்ற வரியை எடுத்துவிட்டிருக்கலாம். ஏறப்போகிறவர்களுக்கு ஒன்று: முதல் பாதி சாதாரண மண்பாதை, மேல்பாதி கையூன்றி ஏற வேண்டிய பாறை. மழை பெய்த மறுநாள் வழுக்கும், போகவே கூடாது. விடிந்ததும் கிளம்பினால் வெயிலுக்கு முன் இறங்கலாம். அடிவாரத்தில் 2009-இல் திறந்த அடிமை வழித்தட நினைவிடத்தைப் பார்க்காமல் வண்டியேற வேண்டாம்.

தலைநகர் போர்ட் லூயிஸில், ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கிய அப்பிரவாசி காட் பார்க்க எல்லோரும் போகிறோம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில், பழைய ராணுவ மருத்துவமனைக் கட்டடத்தில் 2023-இல் திறந்த அடிமைமுறை அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். எதை முதலில் என்று கேட்டால், காலவரிசைப்படி அருங்காட்சியகம்தான். அடிமைமுறை ஒழிந்த நாளான பிப்ரவரி 1 மொரீஷியஸில் அரசு விடுமுறை. 2026-இல் தைப்பூசமும் அதே நாளில் வந்தது. காவடியைப் படம் எடுக்க வருகிறவர்கள் அந்த நாளின் மற்றப் பெயரையும் எழுதலாமே.

கடைசியாக ஒரு சொல். ‘கறுப்பர் நடனம்’ என்று தலைப்பில் வேண்டாம். அடிமைகளின் வழிவந்த அந்தச் சமூகத்தார் தங்களைச் சொல்லிக்கொள்வது கிரியோல் என்று. பேசும் மொழிக்கும் அதே பெயர். நாட்டின் அரசியலமைப்பில் அந்தச் சொல்லுக்கு இடமில்லை. இந்து, முஸ்லிம், சீனர் என மூன்று பிரிவைச் சொல்லி, எஞ்சியவர்கள் எல்லாம் ‘பொது மக்கள்தொகை’ என்று முடித்துவிடுகிறது. நாமாவது பெயரைச் சரியாகப் போடுவோம்.

திருத்தம் வெளியிடும்போது, தயவுசெய்து ‘டிரம்’ என்று போடாதீர்கள். ரவான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுச்சேரி