ஜூன் முதல் இரண்டு வாரம் காலைப் பள்ளி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலக நாடுகளின் பள்ளி விடுமுறை குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தோம். பின்லாந்தில் பத்து வாரம், இத்தாலியில் ஏறக்குறைய மூன்று மாதம் என்று நாள் கணக்கை ஒப்பிட்டிருந்தது. வட சென்னையில் பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் எங்களுக்கு, விடுமுறை எத்தனை நாள் என்பதைவிட அது எந்தத் தேதியில் முடிகிறது, அந்தத் தேதியை எப்போது சொல்கிறார்கள் என்பதே பெரிதாகத் தெரிகிறது.

அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்துவிடும், ஜூன் முதல் வாரம் திறந்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறோம். சென்னை வெயில் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. நுங்கம்பாக்கத்தில் பதிவான உச்ச வெப்பமான 45 டிகிரி செல்சியஸ், 2003 மே 31 அன்று, அதாவது அக்னி நட்சத்திரம் முடிந்தபிறகு வந்தது. எல்லாம் காற்று செய்யும் வேலை. ஏப்ரலில் கடல்காற்று பெரும்பாலும் நண்பகலுக்கு முன்பே உள்ளே வந்து சூட்டைத் தணித்துவிடும். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடும் சமயத்தில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று வலுக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே ஈரத்தைக் கொட்டிவிட்டு, காய்ந்த நிலத்தின் சூட்டையும் அள்ளிக்கொண்டு வந்து, கடல்காற்றைக் கரையிலேயே நிறுத்திவிடுகிறது. அப்படிப்பட்ட நாளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை காசிமேட்டில்கூட அனல்தான். கேரளத்தில் விடுமுறையை ஏப்ரல், மே மாதங்களிலிருந்து மழைக்காலத்துக்கு மாற்றலாமா என்று 2025-இல் அந்த மாநிலக் கல்வி அமைச்சரே பொது விவாதத்தைத் தொடங்கி வைத்தார். அதைப் பார்த்து நாமும் மாற்றலாம் என்று பேசுவோருக்கு ஒரு வார்த்தை: அவர்களுக்கு ஜூனில் மழை, நமக்கு ஜூனில் வெயில். நம் மழை விடுமுறை வருவது நவம்பர், டிசம்பரில்.

வெயிலைப் பார்த்துத் தேதியைத் தள்ளுவதும் நடந்திருக்கிறது. 2023-இல் ஆறாம் வகுப்பு முதல் ஜூன் 1 என்றது ஜூன் 7 ஆகி, பிறகு ஜூன் 12 ஆனது. சிறு வகுப்புகளுக்கு ஜூன் 14. 2024-இல் ஜூன் 6 என்றது 10 ஆனது. 2025-இல் ஜூன் 2-லேயே திறந்தார்கள். குழந்தைகளின் நன்மைக்காகத் தள்ளினார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி நேரத்தில் தள்ளுவதால் என்னென்ன கெடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் தண்ணீர். மூடிக் கிடந்த பள்ளியின் தொட்டியைத் திறப்பு நாளுக்கு இரண்டு நாள் முன்பு கழுவ வேண்டும். 5,000 லிட்டர் தொட்டிக்கு, 30 சதவீத வீரியமுள்ள பிளீச்சிங் பவுடர் சுமார் 850 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, 24 மணி நேரம் வைத்து, வெளியேற்றி, அலசிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடிக்க வேண்டும். போன வருடம் பிரித்த மூட்டையைப் பயன்படுத்தினால் பலன் குறைவு. வெப்பத்தில் குளோரின் போய்விடும். குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்ச வேண்டும். தேதி ஒரு வாரம் தள்ளிப்போனால், மொட்டை மாடி பிளாஸ்டிக் தொட்டியில் அந்தக் குளோரின் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும். குழந்தைகள் குடிப்பது ஒரு வாரம் சூடேறித் தேங்கிய தண்ணீர். கழிப்பறையும் அப்படித்தான். வளைகுழாயில் நிற்கும் தண்ணீர் சில வாரத்தில் வற்றிவிடும். சாக்கடை நாற்றமும் கரப்பானும் அந்த வழியே மேலே வரும். விடுமுறை முழுவதும் வாரம் ஒரு வாளி ஊற்றினால் போதும், ஆனால் அதை இன்னாருடைய வேலை என்று எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது ரயில். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. ஊருக்குப் போகும் குடும்பம் திரும்பும் டிக்கெட்டை ஏப்ரல் தொடக்கத்தில் எடுத்தாக வேண்டும். மே கடைசியில் அறிவிக்கும் தேதியால் அவர்களுக்கு என்ன பயன்? ஜெர்மனியில் 16 மாநிலங்களும் தங்கள் கோடை விடுமுறைத் தேதிகளைக் கலந்து பேசி 2030 வரைக்கும் இப்போதே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். சாலையும் ரயிலும் நெரியாமல் இருக்க, எல்லா மாநிலமும் ஒரே நேரத்தில் தொடங்காமல், குழுக்களாகப் பிரிந்து வெவ்வேறு வாரங்களில் தொடங்குகின்றன. அங்கேயும் கடும் வெயில் நாளில் வகுப்பை முன்கூட்டியே முடித்துப் பிள்ளைகளை அனுப்பும் பழக்கம் உண்டு. ஆனால் விடுமுறைத் தேதி ஆடாது.

தேதியை வெயிலோடு பொருத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பிலிப்பைன்ஸ் பாடம். பெருந்தொற்றுக்கு முன்பு அங்கே பள்ளி ஆண்டு நம்மைப் போல ஜூனில் தொடங்கியது. 2020-இல் அது தள்ளிப்போனதால், வெயில் உச்சமான ஏப்ரல், மே மாதங்கள் பள்ளி நாட்களாகிவிட்டன. 2024 ஏப்ரல் 29, 30 தேதிகளில் நாடு முழுவதும் அரசுப் பள்ளிகளில் நேரடி வகுப்புகளை நிறுத்த வேண்டி வந்தது. 2025-இல் மீண்டும் ஜூனுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஒரே அரசின் கீழ் எல்லாப் பகுதிக்கும் ஒரே நாட்காட்டி என்பதும் கட்டாயமில்லை. ஜம்மு-காஷ்மீரில் கோடை மண்டலம், குளிர் மண்டலம் என்று இரண்டு நாட்காட்டிகள் இருக்கின்றன. ஜப்பானில் பெரும்பாலும் நாற்பது நாள் கோடை விடுமுறை. பனி அதிகமான ஹொக்கைடோவில் கோடை விடுமுறை குறைவு, குளிர்கால விடுமுறை அதிகம்.

எங்கள் பகுதிக்கு இன்னொரு பருவ மூடலும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். 2017-க்கு முன்பு 45 நாளாக இருந்தது. விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் இந்த இரண்டு மாதத்தில்தான் இன்ஜின் பிரித்து வேலை பார்ப்பது, பெயின்ட் அடிப்பது, வலை சரிசெய்வது என்று செலவு முழுவதும் வரும், வரவு இருக்காது. அரசு தரும் நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். தடை முடிந்து முதல் நடை போய், கரை திரும்பி, ஏலத்தில் மீன் விற்றுக் கையில் பணம் சேர ஜூன் 20 தாண்டிவிடும். அரசுப் பள்ளியில் புத்தகமும் சீருடையும் இலவசம். தனியார் பள்ளியிலோ முதல் தவணைக் கட்டணம், வேன் பணம், ஷூ, நோட்டு எல்லாவற்றையும் ஜூன் முதல் வாரத்திலேயே கேட்கிறார்கள். அந்த இருபது நாளில் வட்டிக்கு வாங்கும் பணம் வருடம் முழுக்கத் துரத்துகிறது.

அப்படியென்றால் ஜூன் 15-க்குப் பிறகே திறக்கலாமே என்று கேட்பார்கள். பத்து வேலை நாள் போய்விடும். கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5 வரை வகுப்புகளுக்கு 200 நாள், 6 முதல் 8 வரை 220 நாள் நடந்தாக வேண்டும். நவம்பர் மழையில் போகும் நாட்களையே சனிக்கிழமைகளில் ஈடுசெய்கிறோம். அதோடு இன்னும் பத்து சனிக்கிழமை சேர்ந்தால் பிள்ளைகளும் ஆசிரியர்களும் ஓய்ந்துபோவார்கள். மேலும் இங்கே பல பிள்ளைகளுக்கு வீடு என்பது ஷீட் போட்ட ஒற்றை அறை. பகல் வெயிலில் அதைவிடப் பள்ளியின் தரைத்தள வகுப்பறை மேல்.

அதனால் நாங்கள் கேட்பது இதைத்தான்: ஜூன் முதல் திங்களன்றே திறக்கட்டும், முதல் இரண்டு வாரம் காலைப் பள்ளி மட்டும், 7.30 முதல் 11.30 வரை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மார்ச் நடுவிலிருந்து இப்படி ஒருவேளைப் பள்ளி நடத்துகிறார்கள். சட்டம் கேட்பது 6 முதல் 8 வரை வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேரம். தினம் ஐந்து மணி நேரம் என்றால் 220 நாளில் 1,100 வந்துவிடுகிறது. இந்தப் பத்து நாளில் குறைவது சுமார் 10 மணி நேரம்.

இதில் கவனிக்க வேண்டியது வீடு திரும்பும் நேரம். பன்னிரண்டரைக்கு மணி அடித்து அனுப்பினால், மேல்காற்று நாளில் மிக மோசமான நேரத்தில் பிள்ளைகள் தார்ச்சாலையில் நடப்பார்கள். எனவே 11.30-க்கே மதிய உணவு, 12 மணிக்குள் வெளியே. வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகள் மூன்று மணி வரை தரைத்தளத்தில் இருக்கலாம். சுழற்சி முறையில் இரண்டு ஆசிரியர்கள் போதும். மேல்தளம் வேண்டாம். மொட்டை மாடி காலையில் வாங்கிய சூட்டைப் பிற்பகலில்தான் உள்ளே இறக்கும். காலை உணவு பொதுச் சமையல்கூடத்திலிருந்து வண்டியில் வருவதால், அந்த இரண்டு வாரமும் சமையலைச் சீக்கிரம் தொடங்க வேண்டியிருக்கும். கும்மிடிப்பூண்டித் தடத்தில் ரயில் பிடித்து வரும் ஆசிரியர்களுக்கு 7.30 சிரமம்தான், முதல் பாடவேளையைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குக் கொடுக்கலாம்.

இந்த ஏற்பாட்டைப் பள்ளிக் கல்வித் துறை மார்ச் மாதத்திலேயே தேதியோடு அறிவிக்க வேண்டும். மீனவர் குடியிருப்புப் பிள்ளைகளிடம் ஜூன் 30 வரை கட்டணம் கேட்டு வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது என்று தனியார் பள்ளிகளுக்கும் அதே சுற்றறிக்கையில் ஒரு வரி சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் சிலர்,
காசிமேடு, தண்டையார்பேட்டை