ஞாயிறு பிராக்டிஸ்: கால் பண்றது (அடுத்து என்ன பண்ணணும்னு சொல்றது) கேப்டன் மட்டும்

வணக்கம் தம்பிங்களா, தங்கச்சிங்களா. வர்ற ஞாயிறு 12ஆம் தேதி சாயந்திரம் 4 மணிக்கு கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 (அஞ்சு பேர் டீமா ஆடற துப்பாக்கி கேம்) பிராக்டிஸ், எப்பவும் போற கேம் கடைதான், அங்க ஜெனரேட்டர் இருக்கு, ரங்கூன் கரண்டை நம்பி வீட்ல உக்காந்துடாதீங்க.

1. செத்தவங்க பார்த்ததை ஒரு வார்த்தைல சொல்லிட்டு மைக்கை மூடிடுங்க. ஒருத்தன் மட்டும் உயிரோட நிக்கறப்ப நாலு பேரும் "பின்னாடி பின்னாடி"ன்னு கத்தினா எதிரி காலடி சத்தம் அவனுக்கு எப்படி கேக்கும்?

2. கேப்டன் சேவ்னா சேவ், அந்த ரவுண்டு துப்பாக்கி வாங்காம காசை மிச்சம் பிடிக்கணும். கேம் காசுல ஏகே துப்பாக்கி 2700, தோத்த ரவுண்டு காசு 1400ல இருந்து 3400 வரைக்கும்தான், ஆளாளுக்கு இஷ்டத்துக்கு வாங்கினா அடுத்த ரவுண்டுல அஞ்சு பேர் கையிலயும் பிஸ்டல்தான்.

3. சிடி சைடுல (பாமை தடுக்கற பக்கம்) ஆடறப்ப டிஃபியூஸ் கிட், அதாவது பாமை செயலிழக்க வைக்கற கருவி, வாங்குங்கப்பா, வெறும் 400. பாம் வச்சு 40 செகண்ட்ல வெடிக்கும், கிட் இல்லாம டிஃபியூஸ் 10 செகண்ட், இருந்தா 5.

4. கால் தப்புன்னு தோணினாலும் அஞ்சு பேரும் சேர்ந்தே போங்க, சண்டையை டீக்கடைல வச்சுக்கலாம்.

வெள்ளி ராத்திரிக்குள்ள வர்றேன், வரலன்னு எழுதுங்க, வெறும் தம்ஸ்அப் கணக்குல வராது. கேப்டனா இருக்க ஆசைப்படறவங்களும் சொல்லுங்க, எய்ம் சுமாரா இருந்தாலும் பரவால்ல, பதறாம பேசத் தெரிஞ்சா போதும்.