மார்புத் தசை ஒட்டு பழையது, ஆனால் பயனற்றதன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய்க்காகக் குரல்வளையும் தொண்டைச் சுவரும் அகற்றப்பட்டவர்களுக்கு விழுங்கும் பாதையை மீண்டும் அமைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, மார்புத் தசைத் திசுவை ‘காலாவதியான முறை’ என்று ஒரே வரியில் ஒதுக்கியிருந்தது. இத்துறையில் பணியாற்றும் அறுவை மருத்துவன் என்ற முறையில் அதை மறுக்க விரும்புகிறேன்.

அறுவை மருத்துவர் ஸ்டீபன் ஆரியன் 1979இல் விவரித்த அம்முறையில், தசையும் அதன் மேலுள்ள தோலும் தமக்குரிய இரத்தக் குழாயிலிருந்து துண்டிக்கப்படாமலே கழுத்துக்குத் திருப்பப்படுகின்றன. எனவே நுண்ணோக்கியின் கீழ் நாளங்களைத் தைக்கும் நீண்ட வேலை இல்லை. பருமனான அத்திசுவைக் குழாயாகச் சுருட்டுவது கடினம் என்பது உண்மையே. ஆயினும் கதிர்வீச்சு பெற்ற கழுத்தில் தையல் விட்டு உமிழ்நீர் கசிந்தால், கழுத்துத் தமனியைக் காக்கும் கவசமாக அத்தசையே நிற்கிறது.

எதைத் தேர்வது என்பது பெரும்பாலும் தொண்டைச் சுவரில் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தது. ஒரு பட்டையளவு சளிச்சவ்வு மிஞ்சினால் ஒட்டுப்போட்டாலே போதும்; அதற்கு முன்கையின் மெல்லிய தோல் நன்றாக வளைந்துகொடுக்கும். சுற்றுச்சுவர் முழுவதும் போய்விட்டால் கணக்கு மாறுகிறது. 3 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்கு ஏறத்தாழ 9.5 செ.மீ. அகலத் தோல் தேவை. அதை முன்கையில் எடுத்தால் அவ்விடத்தை வேறு தோல் கொண்டு மூட வேண்டும், தழும்பும் எப்போதும் கண்ணில் படும். ஆகவே பலர் தொடையின் முன்வெளிப்புறத் திசுவை நாடுகின்றனர், தொடையில் கொழுப்பு மிகுந்தவர்களுக்கு அதுவும் தடித்துவிடும் என்றாலும்.

சிறுகுடலின் ஒரு துண்டை எடுத்துப் பொருத்துவது, அது இயல்பிலேயே ஈரமான குழாய் என்பதால், கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டும். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் குடல் நெடுநேரம் தாங்காது. அதன் அசைவுத் திசையும் உணவு இறங்கும் திசையோடு ஒத்திருக்க வேண்டும். பின்னர், குரல்வளை இல்லாதவர் பேச உதவும் குரல் வால்வு பொருத்தினால், நீர் கொப்புளிப்பது போன்ற ஈரக் குரலே பெரும்பாலும் கிடைக்கிறது. பேச்சைத் தொழிலாகக் கொண்டவரிடம் இதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கட்டுரையில் அந்தச் செய்தி இடம்பெறவே இல்லை.

இப்படிக்கு,
சீரமைப்பு அறுவை மருத்துவர் ஒருவர்