எபிடியூரல் மருந்து: விலை கூடினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காலில் அறுவைச் சிகிச்சைக்கு வருபவர்களின் வீட்டார், கால்களை மரத்துப்போகச் செய்ய முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே மருந்து செலுத்தும் எபிடியூரல் ஊசி என்றதுமே இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அந்த விலை கூடின மருந்தையே போட முடியுமா டாக்டர், அது இதயத்த ஒண்ணும் செய்யாதாமே?" தொடை எலும்பு முறிந்த முதியவர் ஒருவரின் மகள், பணம் போதாவிட்டால் கம்மலை அடகு வைத்தாவது கட்டிவிடுவதாகச் சொன்னார். அவர் குறிப்பிட்ட மருந்து ரோபிவகெய்ன். பழைய பியூபிவகெய்ன் ஆபத்தானது, புதியது பாதுகாப்பானது என்று கைப்பேசிகளில் சுற்றிவரும் பேச்சில் பாதிதான் உண்மை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட பியூபிவகெய்ன், இடது கை உறையும் வலது கை உறையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு மூலக்கூறுகளின் சரிபாதிக் கலவை. இவற்றுள் ஒன்று இதயத் தசையில் துடிப்புக்கான மின்தூண்டல் செல்ல உதவும் சோடியம் வாயில்களை இறுகப் பற்றிக்கொண்டு, மிக மெதுவாகவே விடும். மருந்து தவறுதலாக இரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் இதயம் நின்றுவிடக்கூடும் என்பதற்கும், நின்ற இதயத்தை மீட்பது கடினம் என்பதற்கும் அதுவே காரணம். 1979-இல் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் இதை எச்சரித்துத் தலையங்கம் எழுதினார்; 1980-களில், 0.75 சதவீதப் பியூபிவகெய்னைப் பிரசவத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. அந்த அச்சத்திலிருந்து பிறந்தவையே ரோபிவகெய்னும் லெவோபியூபிவகெய்னும். இரண்டிலும், இதயத்தை அவ்வளவாகத் தாக்காத ஒற்றை வடிவம் மட்டுமே உண்டு.

பேச்சில் விடுபட்டுப்போவது வீரியம். பிரசவ வலிக்கு எபிடியூரல் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வுகளில், ரோபிவகெய்னின் வீரியம் பியூபிவகெய்னுடையதில் ஏறத்தாழ 60 சதவீதம் என்றே தெரியவந்தது. ஆகவேதான் கால் அறுவைக்குப் பியூபிவகெய்னை 0.5 சதவீதத்தில் கொடுக்கும் நாங்கள், ரோபிவகெய்னை 0.75 சதவீதத்தில் கொடுக்கிறோம். 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 20 மி.லி. செலுத்துவதாக வைத்துக்கொண்டால், முன்னது 100 மில்லிகிராம். கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று பலரும் கடைப்பிடிக்கும் உச்ச வரம்பும் அதுவே. பின்னது 150 மில்லிகிராம். கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்ற அதன் வரம்பும் அதே 150. எந்தக் குப்பியை உடைத்தாலும் வரம்பின் விளிம்பில்தான் நிற்கிறோம். புதிய மருந்தின் பாதுகாப்பு பொய்யன்று. ஆனால் அதில் ஒரு பங்கை, கூட்டிக் கொடுக்கும் அளவே தின்றுவிடுகிறது.

அறுவை மேசையில் தேவை வேறு. எலும்பை இழுத்து நேராக்கித் தகடு பொருத்தும் மருத்துவருக்கு, வலி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது; தசைகள் முற்றிலும் தளர்ந்திருக்க வேண்டும். ரோபிவகெய்ன் காலின் அசைவை அவ்வளவாகக் கட்டாது, கட்டினாலும் சீக்கிரம் விட்டுவிடும் என்று புகழப்படும் குணமே இங்கே குறையாகிவிடும். கணுக்கால், பாத அறுவைகளில் இன்னொரு தொல்லையும் உண்டு: அங்கே செல்லும் கடைசி இடுப்பு நரம்பு வேரும் முதல் திருவெலும்பு நரம்பு வேரும் தடித்தவை என்பதால், தொடை மரத்துப்போன பிறகும் பாதம் மரத்துப்போகக் காத்திருக்க வேண்டியிருக்கும். அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெய்ன் என்ற இன்னொரு மரப்பு மருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலை செய்யும் என்றாலும், ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிடுவதால், முதுகில் வைத்த மெல்லிய குழாய் வழியாக மீண்டும் மீண்டும் கொடுக்க வேண்டும். லெவோபியூபிவகெய்ன், மரத்துப்போகச் செய்வதில் ஏறக்குறையப் பழைய மருந்துக்கு இணையானது. இதய நோயாளிக்கு அதிக அளவு தேவைப்படும்போது, கிடைத்தால் நான் அதையே விரும்புவேன்.

அறுவை முடிந்தபின் நிலைமை மாறிவிடுகிறது. மூட்டு மாற்றிய அம்மாவை மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டுமானால், வலி மட்டும் அடங்கிக் கால் வலுவாக இருக்க வேண்டும், அதற்கு 0.2 சதவீத ரோபிவகெய்ன் நன்றாகவே பொருந்தும். 0.1 சதவீதப் பியூபிவகெய்னுடன் ஃபென்டனில் என்ற வலிநிவாரணியைச் சிறிதளவு சேர்த்தாலும் பெரும்பாலும் அதே பலன் கிடைக்கிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை தேவை. தசை உறைக்குள் அழுத்தம் ஏறி இரத்த ஓட்டம் தடைப்படும்போது, அதை முதலில் அறிவிப்பது தாங்க முடியாத வலிதான். செறிவு கூடிய மருந்தால் அந்த வலியை மறைத்துவிட்டால், காலையே இழக்க நேரிடலாம்.

அந்த முதியவருக்கு நான் போட்டது பியூபிவகெய்னே. முதலில் சோதனை அளவு, பிறகு ஒவ்வொரு முறையும் இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்து 3 முதல் 5 மி.லி. வரை இடைவெளி விட்டுச் செலுத்தியதில், வயது முதிர்ந்தவர் என்பதால் 14 மி.லி.யிலேயே கால் முழுதும் மரத்துவிட்டது. கைக்கெட்டும் தூரத்தில் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் பாட்டில்கள் இருந்தன. உள்ளூர் மயக்க மருந்தின் நஞ்சுக்கு இந்தக் கொழுப்புக் கரைசல் உதவும் என்பதை 1998-இல் கை வைன்பெர்க் (Guy Weinberg) என்ற அமெரிக்க மயக்க மருத்துவர் எலிகளில் காட்டினார். 2006-இல் நின்றுபோன மனித இதயங்கள் அதனால் மீண்ட செய்திகள் வெளியாயின. முதல் தவணையே கிலோவுக்கு 1.5 மி.லி.; அதாவது 50 கிலோவுக்கு 75 மி.லி. ஆகவே 100 மி.லி. பாட்டில் ஒன்று மட்டும் இருந்தால் தொடங்கத்தான் போதும்.

சில சிறு மருத்துவமனைகளில் இந்தப் பாட்டில்கள் மருந்தக அலமாரியில் பூட்டிக் கிடப்பதையும், இரவில் சாவியைத் தேடி ஆள் அனுப்ப வேண்டியிருப்பதையும் கண்டிருக்கிறேன். எபிடியூரல் போடும் ஒவ்வொரு தியேட்டருக்குள்ளும் இவற்றைப் போதிய எண்ணிக்கையில் வைத்திருப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று, தங்கள் நாளிதழ் வழியாகச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மயக்க மருத்துவர்,
திருநெல்வேலி